நானூறு சதவீதம்

அந்தச் சனிக்கிழமை காலை தொம்மலூர் ஆபீஸில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், கீழே கேட்டில் செக்யூரிட்டி நஞ்சப்பா, எனக்கு அடுத்த நாற்காலியில் நானூறு அக்கா. இல்லாதவர் எங்கள் சூப்பர்வைசர் கிரீஷ். மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று தும்கூர் போயிருந்தார். அவரைவிடப் பெரிதாக இல்லாமல் போனவை முப்பத்தெட்டு அட்டைப் பெட்டிகள். முந்தின நாள் மத்தியானம் வரை சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தவை. இப்போது அவை நின்ற இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது.

நானூறு அக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆபீஸில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவுமில்லை. முதல் முறை 'நானூறு' என்று யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தபோது அவர் திரும்பி, "வயசைச் சொல்றீங்களா, எடையைச் சொல்றீங்களா?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் கூப்பிட்டால் திரும்ப ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வேலை இதுதான். கம்பெனிகள் அனுப்புகிற பழைய காகிதங்களை ஸ்கேன் செய்வோம். கம்ப்யூட்டரில் அவற்றைச் சுத்தம் பண்ணி, பெயர் வைத்து, ஃபைலாகக் கட்டித் திருப்பிக் கொடுப்போம். சுத்தம் என்றால், கோணலாக விழுந்த பக்கத்தை நிமிர்த்துவது, ஓரத்து நிழலை வெட்டுவது, குண்டூசித் துருவையும் பஞ்ச் ஓட்டையையும் அழிப்பது. நாங்கள் எல்லோரும் பக்கத்தை நூறு சதவீதத்தில் வைத்துப் பார்ப்போம். கறுப்பு தெரிந்தால் அழிப்போம், அடுத்த பக்கம் போவோம். அவர் மட்டும் எந்தப் பக்கத்தையும் நானூறுக்குப் பெரிதாக்கித்தான் பார்ப்பார். நானூறில் பக்கம் பக்கமாகவே இருக்காது. ஒரு காற்புள்ளி தலைப்பிரட்டை மாதிரி வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். மேல் மூலையில் தொடங்கி, வயல் உழுகிற மாதிரி, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று நகர்த்திக்கொண்டே கீழ் மூலைக்கு வருவார். நான் முப்பது பக்கம் முடிக்கிற நேரத்தில் அவர் மூன்று பக்கம் முடிப்பார்.

பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். மற்றவர்கள் பார்க்கக் கண்ணாடி போடுவார்கள், இவர் கழற்றுவார். மூக்கு திரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு அடி பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் திரைமேலேயே வைத்து, வரி நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். "அக்கா, நிமிர்த்தறதுக்குத்தான் பட்டன் இருக்கே" என்று நான் சொன்னால், "பட்டனுக்குக் கண்ணு இருக்கா?" என்பார்.

ஒருநாள் ஒரு புள்ளியை அழிக்கப் பத்து நிமிஷம் போராடினார். அழிப்பான் கருவியை மேலே ஓட்டுகிறார், புள்ளி போகவில்லை. பெரிதாக்குகிறார், புள்ளி பெரிதாகவில்லை. "இன்னாடா இது, பேய்ப் புள்ளியா இருக்கே" என்று முனகினார். நான் எழுந்து போய் விரலால் தொட்டேன். விரலோடு வந்துவிட்டது. திரைமேல் தெறித்த சாம்பார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் அந்த விரலைப் பிடித்துப் பார்த்து, "என் சாம்பார் இல்ல, நான் இன்னிக்கு எலுமிச்சங்கா சோறு" என்றார்.

இன்னொரு நாள் பழைய மெடிக்கல் பில் ஒன்றில் ஒரு கறை. நானாக இருந்தால் கண் சிமிட்டுவதற்குள் அழித்திருப்பேன். அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "கால் தெரியுதா? ஆறு கால். கொசு. ரெண்டு காகிதத்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. முப்பது வருஷமா இங்கயே இருக்கு பாவம்." ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கொசு போலாம்" என்று அழித்தார்.

எது போகலாம், எது போகக்கூடாது என்று அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. துரு போகலாம், நிழல் போகலாம், கொசு போகலாம், பூச்சி அரித்த ஓரம் போகலாம். ஆள் செய்தது எதுவும் போகக்கூடாது. பென்சில் டிக், அடித்து எழுதியது, ஓரத்தில் யாரோ போட்ட கூட்டல் கணக்கு, பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது, எல்லாம் இருக்கட்டும். ஒரு டீ டம்ளரின் வட்டத்துக்காக அவருக்கும் எனக்கும் அரைநாள் சண்டை.

"டீ கறை அக்கா. கறை."

"டம்ளரை யார் வச்சது? ஆள்தானே?"

"தெரியாம வச்சிருப்பாங்க."

"தெரியாம வச்சதும் ஆள்தான்."

கடைசியில் சமாதானத்துக்கு வந்தார். வெற்றிடத்தில் இருந்த பாதி வட்டத்தை அழித்தார். எழுத்தின்மேல் இருந்த பாதியை விட்டுவிட்டார். அந்தப் பக்கம் இன்றைக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் பிறை நிலாவோடு இருக்கும்.

ஆபீஸுக்கு வெளியிலும் அப்படியே. இரண்டு பேருக்கும் வீடு ஈஜிபுராவில், இரண்டு தெரு தள்ளி. சாயந்திரம் ஒன்றாக நடந்து வருவோம். வழியில் பீன்ஸ் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். வண்டிக்காரர் ஒருமுறை, "ஏன் மேடம், எக்ஸ்ரே தெகீத்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார், எக்ஸ்ரே எடுக்கிறீர்களா என்று. "தெகீத்தீனி. ரிப்போர்ட் நாளைக்கு" என்றார் அக்கா. பீன்ஸைக் கீழே வைக்கவில்லை.

அவருடைய வீட்டு ஓனரம்மா ஒருநாள் பேத்தியின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார். ஸ்கூல் அட்மிஷனுக்கு வயதில் மூன்று நாள் குறைகிறது. "நீ கம்ப்யூட்டர்ல எல்லாம் சுத்தம் பண்றியாமே. தேதியை மட்டும் சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், தள்ளிக் கொடு." வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு ஓனரம்மா கேட்டால் மறுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று ஈஜிபுராவில் இருந்தவர்களுக்குத் தெரியும். அக்கா அந்தக் காகிதத்தை வாங்கி, ஸ்கேன் எடுத்து, மடிப்பு, நிழல் எல்லாம் நீக்கிப் புதுசு போல அச்செடுத்துக் கொடுத்தார். தேதி அப்படியே இருந்தது. "சுத்தம் பண்ணித் தரேன்மா. மாத்தித் தரமாட்டேன். மூணு நாள்தானே, அடுத்த வருஷம் தானா பெரியவளாயிடுவா." அந்த வருஷம் முழுக்க அவர் வீட்டில் மோட்டார் தண்ணீர் அரைமணி நேரம் தாமதமாகத்தான் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவர்மேல் பிரியம் மட்டும் இருக்கவில்லை. எரிச்சலும் இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பேனா பிடித்தவன் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அம்மா தொம்மலூரில் ஒரு அபார்ட்மென்டில் பெருக்கித் துடைக்கிறவர். நான் பி.காம். ஏசி ரூமில், நாற்காலியில், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தேன். அழுக்கை விட்டு வெளியே வரத்தான் படித்தேன் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணத்தோடு தினமும் ஆயிரம் அழுக்குப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் வெள்ளையாக்கி அனுப்பிவிட வேண்டும். அக்கா என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். அவர் பத்தாவது பெயில். அந்தக் கூப்பிடலில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எது எந்தப் பாதி என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

அந்த முப்பத்தெட்டுப் பெட்டிகள் பொம்மசந்திராவில் ஒரு பழைய ஃபேக்டரியிலிருந்து வந்தவை. ஃபேக்டரி கைமாறுகிறது. ஆயிரத்துக்கு மேல் தொழிலாளிகளின் ஃபைல்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் நம்பர், ஒரு ஃபைல். உள்ளே வேலைக்குச் சேர்ந்த தாள், லீவ் தாள், அட்வான்ஸ் வாங்கிய ரசீது, முக்கியமாக ஒரு நாமினி ஃபாரம். நான் செத்துப்போனால் என் பி.எஃப். பணத்தை இன்னாருக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுக்கிற நாலு பக்கத் தாள். ஸ்கேன் ஆகி, நாங்கள் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, காகிதத்தை அழித்துவிடலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. இனிமேல் எங்கள் ஃபைல்தான் அசல்.

அக்கா ஒரு மாதத்தில் இரண்டு பெட்டி முடித்திருந்தார். கிரீஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் அக்காவின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் லீவ். கிரீஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மா வர்றதுக்குள்ள முடிச்சிடுப்பா. உன்னால ஆகும்."

என்னால் ஆனது. மென்பொருளில் தானாகச் சுத்தம் செய்கிற ஒரு வசதி இருந்தது. பின்னணி வெள்ளை, மங்கல் நீக்கு, புள்ளி நீக்கு, கறை நீக்கு, நாலையும் முழுசாக ஏற்றினேன். பத்துப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் காகிதம் பால் மாதிரி வந்தது. மீதி முப்பத்தாறு பெட்டியின் பக்கங்களையும் அதில் தள்ளிவிட்டேன். டிஸ்க்கில் இடம் போதவில்லை. அதனால் முதலில் எடுத்த ஸ்கேன்மேலேயே சேவ் கொடுத்தேன். நாலு நாளில் வேலை முடிந்தது. வியாழக்கிழமை கம்பெனி ஆள் வந்து, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்து, "சூப்பர்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பெட்டிகள் டெம்போவில் ஏறின. காகிதத்தை முறைப்படி அழித்துவிட்டோம் என்று கிரீஷ் கடிதம் அனுப்பினார். எல்லோர் எதிரிலும் என் தோளைத் தட்டினார்.

சனிக்கிழமை அக்கா லீவ் முடிந்து வந்தார். உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்த ஃபைலைத் திறக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பழக்கம்.

"அழகா இருக்கு" என்றார்.

'தூரத்துல பாத்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும்' என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். அழகு என்ற சொல்லை அவர் பாராட்டாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மவுஸை நகர்த்திக்கொண்டே போனார். அப்புறம், "டிகிரி, இங்க வா. இந்த எழுத்து எதைச் சுத்தி உக்காந்திருக்கு?"

நாமினி ஃபாரத்தின் கடைசிப் பக்கம். கையெழுத்துப் போடுகிற இடம். மேலே பழைய கிளார்க்கின் பேனாவில் 'எல்.டி.ஐ. ஆஃப்' என்று இருந்தது. கீழே 'முனியம்மா' என்று இருந்தது. இடது கைப் பெருவிரல் ரேகை, முனியம்மாவுடையது. இரண்டு வரிக்கும் நடுவே ஒரு பெருவிரல் அளவுக்கு வெள்ளை.

"காலியா இருக்குக்கா."

"காலிக்கு யாராவது பேர் எழுதுவாங்களா?"

அடுத்த ஃபைலைத் திறந்தார். எல்.டி.ஐ. ஆஃப் என்று எழுத்து, வெள்ளை, கீழே சின்னப்பையன் என்று பெயர். அடுத்தது, கையெழுத்து. அது கறுப்பு மையில் பத்திரமாக இருந்தது. அடுத்தது, வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. ஸ்டாம்ப் பேடின் ஊதா மை, இருபது முப்பது வருஷத்தில் வெளுத்துப் போயிருக்கிறது. நான் முழுசாக ஏற்றி வைத்த அந்த நாலு வசதிகளும் அதைக் கறை என்று முடிவு செய்துவிட்டன. பெயர் எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஃபைலில் இருந்தார்கள். தெரியாதவர்கள் ஒருவர் விடாமல் போய்விட்டார்கள்.

கைநாட்டு இல்லாத நாமினி ஃபாரம் செல்லாது. நாளைக்கு அந்த முனியம்மா செத்துப்போய், அவர் மகனோ மகளோ பணம் கேட்டு வந்தால், இதில் ரேகையே இல்லையே என்று திருப்பி அனுப்புவார்கள். காகிதம் எங்கே என்றால், அழித்துவிட்டோம்.

கிரீஷுக்கு ஃபோன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. சொன்னேன்.

"டெலிவரி ஆயிடுச்சு. கையெழுத்து வாங்கியாச்சு. அழிச்சாச்சுன்னு லெட்டர் கொடுத்தாச்சு. இப்போ போய்க் கிளறினா என் வேலை போகும், அதுக்கு முன்னாடி உன் வேலை போகும். யாருப்பா அதை நானூறுல பாக்கப் போறாங்க? மூடி வை." கடைசியில், "ஃபோனை அந்தம்மாகிட்டக் கொடுக்காத" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அந்தம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "விட்டுடலாம்கா" என்றேன். "எனக்கு வேலை போனா வீட்ல…" என்று இழுத்தேன்.

அவர் திட்டவில்லை. புத்தியும் சொல்லவில்லை. "சொல்ப இரு" என்று திரும்பிக்கொண்டார். முனியம்மாவின் வெள்ளையை நானூறுக்கு இழுத்து, மூலையிலிருந்து உழ ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். பாதி தூரத்தில் நிறுத்தினார்.

"பாரு."

வெள்ளையில் ஒரு கீற்று. நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி, வளைந்து. அதற்குள் மூன்று கோடுகள். கறை நீக்குகிற கருவி எதையோ எழுத்தென்று நினைத்து விட்டுவைத்த மிச்சம்.

"மிச்சம் இருக்குன்னா முழுசும் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

என் காலேஜ் அட்மிஷன் அன்றைக்கு, ஃபாரத்தில் அம்மா இடது கைப் பெருவிரலை வைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விரலைப் பிடித்து உருட்டினார். அம்மா விரலை எடுத்ததும் மையைத் துடைக்கத் துணி தேடவில்லை. தலையில், எண்ணெய் முடியில், சட்டென்று தேய்த்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இனிமேல் எங்கள் வீட்டில் யாரும் இப்படித் தேய்க்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். எட்டு வருஷம் கழித்து அந்தக் கீற்றைப் பார்த்தபோது, நான் அழித்து முடித்திருப்பது அந்த மாதிரி விரல்களைத்தான் என்று தோன்றியது.

"டெம்போ எங்க போச்சு?" என்றேன்.

கீழே நஞ்சப்பாவிடம் கேட்டோம். டெம்போக்காரனுக்கு வழி சொன்னதே அவர்தான். "எங்க போகும்? நம்ம பாய் குஜரிக்குத்தான். உங்க ஈஜிபுரா சாக்கடை மோரிக்கு அந்தாண்டை." குஜரி என்றால் எங்கள் ஊரில் பழைய இரும்பும் பேப்பரும் எடுக்கிற கடை. முறைப்படி அழித்தல் என்று கிரீஷ் எழுதிக் கொடுத்தது அதைத்தான்.

கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி ஃபைலைத் திறந்து, வெள்ளை விழுந்த டோக்கன் நம்பர்களை எழுதினோம். நானூற்றுப் பன்னிரண்டு.

பாய் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். அக்காவை அவருக்குத் தெரியும். பழைய பேப்பர் போடும்போது தராசு முள்ளைக் கண்ணாடி கழற்றிப் பார்க்கிறவர் வேறு யார் இருக்கிறார்கள்? "அரே, அக்கா, இன்னிக்கு என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க?"

"இன்னிக்கு எங்க தப்பு பாய்."

பெட்டிகள் இல்லை. அட்டைக்கு ஒரு விலை, காகிதத்துக்கு ஒரு விலை. அதனால் வந்த அன்றே பெட்டிகளைப் பிரித்து மடக்கிக் கட்டிவிட்டார். ஃபைல்கள் எல்லாம் தகரக் கூரைக்குக் கீழே ஒரே குவியல், என் நெஞ்சு உயரத்துக்கு. "திங்கக்கிழமை மில்லு லாரி வரும்" என்றார் பாய். முந்தின நாள் சாயந்திரம் பெய்த மழையில் கூரை ஒரு பக்கம் ஒழுகி, குவியலின் ஒரு ஓரம் நனைந்திருந்தது.

பதினோரு மணிக்குக் குனிந்தோம். நம்பர் பார்ப்பது, பட்டியலில் இருந்தால் நாடாவை அவிழ்ப்பது, நாமினி ஃபாரத்தை உருவுவது, மறுபடி கட்டிப் போடுவது. பாய் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அவரே நம்பர் படிக்க ஆரம்பித்தார். "முன்னூத்திப் பதினெட்டு! இருக்கா, இல்லையா?"

"இருக்கு பாய்!"

"ஜாக்பாட்!"

அங்கேதான் அக்கா தடுமாறியதைப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலிலும் ஃபாரம் மட்டுமல்ல, அட்வான்ஸ் ரசீதுகளிலும் ரேகை இருந்தது. கல்யாணத்துக்கு ஐந்நூறு, பிரசவத்துக்கு முன்னூறு, ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு ஊதா விரல். அவர் கை ஒவ்வொரு ரசீதிலும் நின்றது. கண்ணாடியைக் கழற்றக் கை மேலே போனது.

"அக்கா, ஃபாரம் மட்டும். நேரம் இல்ல."

"தெரியும்."

"எல்லாத்தையும் எடுக்க முடியாதுக்கா."

"தெரியும்னு சொல்றேன்ல."

கண்ணாடியை மூக்கின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் சாயந்திரம் வரை கழற்றவில்லை. ரசீதுகளைப் பார்க்காமல் தள்ளினார். அவர் நூறு சதவீதத்தில் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பார்க்க நன்றாக இல்லை.

ஐந்து மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டும் கிடைத்துவிட்டன. அதில் பதினேழு, நனைந்த ஓரத்தில் இருந்தவை. ஸ்டாம்ப் பேடு மைக்குத் தண்ணீர் ஆகாது. ரேகைக் கோடுகள் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து, பக்கத்தில் ஊதாப் பூசணிப் பூ மாதிரி விரிந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைத் திறந்துவிட்டார் நஞ்சப்பா. நனைந்த பதினேழையும் அக்கா கயிறு கட்டிக் காயப்போட்டார். மீதியை நான் ஸ்கேன் எடுத்தேன், கலரில், எந்தச் சுத்தமும் இல்லாமல், மஞ்சள் மஞ்சளாக. அக்கா ஒவ்வொன்றையும் நானூறில் திறந்து பார்த்து, பழைய வெள்ளைப் பக்கத்தை எடுத்துவிட்டு இதைச் செருகினார். நஞ்சப்பா நடுவில் மேலே வந்து, திரையில் சுற்றிச் சுற்றி வளைந்த ரேகைக் கோடுகளைப் பார்த்தார். "நம்ம மைசூர் ரேஸ்கோர்ஸ் மாதிரி இருக்கே" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, "இந்த ரேஸ்ல சின்னப்பையன் ஃபர்ஸ்ட்" என்றார்.

கடைசியாக அந்தப் பதினேழு. திரையில் பார்த்தால் வெறும் ஊதாக் கறை. கோடு ஒன்றுகூட இல்லை.

"இது இப்ப நிஜமாவே கறைதானே அக்கா" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "கறைதான். ஆனா யாருதுன்னு எழுதியிருக்குல்ல" என்று அப்படியே சேவ் கொடுத்தார்.

திங்கட்கிழமை கிரீஷ் ரூமுக்குள் கூப்பிட்டுக் கத்திய கத்தலை இப்போது எழுதிப் பயனில்லை. கத்தி முடித்ததும் டிஸ்க்கை வாங்கி, மேலே 'திருத்திய பதிப்பு' என்று அவர் கையாலேயே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். எங்கள் தரக் கட்டுப்பாடு எவ்வளவு கறாரானது என்று கூடவே ஒரு மெயில். என் வேலை போகவில்லை. சுத்தம் செய்கிற வேலையிலிருந்து அக்காவை எடுத்து, ஃபைலுக்குப் பெயர் வைக்கிற வேலையில் போட்டார்கள். நாலு மாதத்தில் அவரே நின்றுவிட்டார். ஈஜிபுரா வீட்டையும் காலி செய்துவிட்டு அத்திப்பள்ளி பக்கம் போனதாகக் கேள்வி. என்னிடமிருந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. ஸ்கேலை மட்டும் மேஜையில் விட்டுப்போயிருந்தார். அதன் ஓரம் திரையில் உரசி உரசி வெளுத்திருந்தது.

ஒரு வருஷம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. டோக்கன் முன்னூற்றுப் பதினெட்டு இறந்துவிட்டார், ஃபாரத்தின் நகல் வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். மறுபடி ஃபோன் வரவில்லை. எங்கள் வேலையில் நல்ல செய்தி என்பது மறுபடி ஃபோன் வராமல் இருப்பதுதான். அந்தப் பதினேழு பேரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இப்போது நான் வேறு ஆபீஸ். இங்கே சுத்தம் செய்வதெல்லாம் மெஷின்தான், முன்னைவிடக் கெட்டிக்கார மெஷின். ஆனாலும் ஒவ்வொரு ஃபைல் கட்டிலும் ஒரு பக்கத்தையாவது நானூறில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பக்கத்து நாற்காலிப் பையன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் பாய் கடையை விட்டுக் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். ஃபாரங்களைக் கட்டி நான் தோளில் வைத்துவிட்டேன். பாய், "எடுத்துட்டுப் போங்கக்கா, இதுக்கு என்ன?" என்றார். அக்கா அசையவில்லை.

"எடை போடுங்க பாய். நேத்து உங்ககிட்ட வித்தாச்சு. சும்மா எடுத்தா திருட்டு."

"அரே, இதுல என்ன திருட்டு?"

"போடுங்க."

பாய் பெருமூச்சு விட்டுக்கொண்டு கட்டை வாங்கித் தராசில் வைத்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து, முள் நிற்கிற வரை காத்திருந்தார். நாலு கிலோ நூறு கிராம். கிலோ பதினாலு ரூபாய். நாற்பது காசைப் பாய் தள்ளிவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து, ஐம்பத்தேழு ரூபாய்.